மூணாவது பெஞ்ச்

"இன்னிக்கு அவளா நானான்னு பார்த்துடுறேன்!"

ஆனந்தம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அதைப் பார்த்த கணவர் சேவியர்ராஜ் பைக்கை ஸ்டார்ட் பண்ணவே மறந்துபோனார்.

"ஏம்மா, நாம பூசைக்குத்தானே போறோம்?"

"பூசைக்குத்தான். வண்டியை எடுங்க!"

இன்னும் சரியாக விடியவில்லை. உப்பளத்துப் பக்கமிருந்து காற்று பிசுபிசுவென்று அடித்தது. ஆனந்தம்மாள் வழியெல்லாம் பொரிந்து தள்ளினாள்.

"ஈசிஆர் ஓரம் பூரா பிளாட் போட்டு வித்துட்டாங்க. மெட்ராஸ்ல பாதி இப்ப மரக்காணத்துலதான் இருக்குது. மிச்ச இடத்துல வடநாட்டுக்காரங்க. மார்க்கெட்டுல கூட்டம், பஸ்ஸுல கூட்டம், மாத்திரை வாங்கப் போனா அங்கயும் கூட்டம். எல்லாம் போவட்டும். கோயில்ல என் பெஞ்ச் என்னங்க பாவம் பண்ணுச்சு?"

சேவியர்ராஜ் ரோட்டிலேயே கண்ணாக வண்டியை ஓட்டினார். அனுபவசாலி.

கோயிலில் பெண்கள் பக்கம் பெஞ்ச் கொஞ்சம்தான், மற்றவர்களுக்குத் தரைதான். அதில் மூணாவது பெஞ்ச் ஃபேனுக்கு நேர் கீழே. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஆனந்தம்மாளுக்கு அதுதான் இடம். முட்டி தேய்ந்துபோன பிறகு அவள் தரையில் உட்கார்ந்தால், எழுப்புவதற்கு ஊரையே கூப்பிட வேண்டும்.

ஈஸ்டர் அன்றைக்கு வந்த கூட்டத்தில் அந்த பெஞ்ச் பறிபோனது. காரில் வந்த யாரோ வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆனந்தம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டே முழுப் பூசையும் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு கொஞ்சம் முன்னாலேயே போனாள். போனால், மூணாவது பெஞ்சில் ஒரு வடநாட்டுப் பெண்! ஜார்க்கண்டிலிருந்து உப்பள வேலைக்கு வந்திருக்கும் குடும்பமாம், சபினா என்று பேராம். அவளும் அவளுடைய மூன்று பொண்ணுங்களும் கையைக் காலைப் பரப்பி, பெஞ்சைப் படுக்கையாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். ஒரு ஈ வந்து உட்காரக்கூட இடமில்லை.

ஆனந்தம்மாளைப் பார்த்ததும் சபினா எழுந்து நின்று கையைக் கையை ஆட்டினாள்.

"என் பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு என்னையே போ போன்னு விரட்டுறா!"

முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு ஆனந்தம்மாள் தூணுக்கே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அது யுத்தமாகிவிட்டது. இவள் சீக்கிரம் போனால், அவள் அதைவிடச் சீக்கிரம் வந்தாள். ஒருமுறை சனிக்கிழமை சாயங்காலமே போய் பெஞ்சில் துண்டைப் போட்டு வைத்தாள் ஆனந்தம்மாள். மறுநாள் காலையில் சபினாவின் கடைக்குட்டி அதே துண்டைப் போர்த்திக்கொண்டு அதே பெஞ்சில் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"நல்லவேளை, நீ தலகாணி வைக்கல" என்று சேவியர்ராஜ் சிரித்தார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பு இல்லை. உப்பள மேஸ்திரிக்கே!

இன்றைக்குக் கோயில் கதவே இன்னும் திறக்கவில்லை. ஆனால் படிக்கட்டில் சபினா உட்கார்ந்திருந்தாள், பொண்ணுங்களோடு.

ஆனந்தம்மாள் முறைத்தாள். சபினா பயந்து பயந்து சிரித்தாள்.

கோயில்பிள்ளை பெலிக்ஸ் கொட்டாவி விட்டபடி சாவியைத் திருகினார். கதவு பாதிதான் திறந்திருக்கும். அதற்குள் ஆனந்தம்மாள் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பின்னாலேயே சபினா. ஏதோ விளையாட்டு என்று நினைத்துப் பொண்ணுங்க மூணும் கூச்சல் போட்டுக்கொண்டு கூடவே ஓடின.

"அக்கா, மெதுவா! இது கோயிலு!" என்று பெலிக்ஸ் அலறினார்.

முட்டியாவது, வலியாவது! செருப்பில்லாத கால் வழுக்க, புடவை தடுக்க, ஆனந்தம்மாள் பறந்தாள். மூணாவது பெஞ்சில் போய்த் தொப்பென்று விழுந்தாள். பெஞ்ச் ஒருதரம் கிரீச்சிட்டு அடங்கியது.

"மாதாவே! புடிச்சிட்டேன்!"

மூச்சு வாங்க, தோற்றவளின் முகத்தைப் பார்க்க ஆசையோடு நிமிர்ந்தாள். அங்கே சபினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனந்தம்மாளுக்கு ஃபேனைப் போட்டுவிட்டு, பொண்ணுங்களைக் கூட்டிக்கொண்டு பின்னால் தரைக்குக் கிளம்பிவிட்டாள்.

ஜெயித்த ருசியே இல்லை ஆனந்தம்மாளுக்கு.

"ஏய், நில்லு! இத்தனை வாரம் விடாம உட்கார்ந்துட்டு, இப்ப எங்க போற?"

சபினா திரும்பி வந்தாள். தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தாள்.

"ஈஸ்டர்ல அம்மா அங்க நிக்கிறான்" என்று தூணைக் காட்டினாள். குனிந்து தன் முட்டியைத் தொட்டாள். "இங்க வலி. அம்மா அழறான். நான் பார்த்தான். அப்புறம் நான் சீக்கிரம் வர்றான், பெஞ்ச் புடிக்கிறான். அம்மாவுக்கு! அம்மா வர்றான், நான் வா வான்னு கூப்புடுறான். அம்மா கோவமா போறான். இன்னிக்குத்தான் அம்மா ஓடி வர்றான். எனக்கு ரொம்ப குஷி!"

 ஆனந்தம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, சபினாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தரையில எதுக்குடி போற? எல்லாரும் இங்க உட்காருங்க. பெஞ்ச் என்ன எங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"