காதுக்குக் கீழே

மறுபடியும் அவன் ஆலோசகரைப் பார்த்துத்தான் பேசினான்.

குடும்ப நல நீதிமன்றத்தின் பின்கட்டில் சின்ன அறை. மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவன். ஒன்றில் அவள். அவளுக்குக் கிடைத்தது அவன் காதும் கன்னமும்தான். காதுக்குக் கீழே தாடை அசைந்தது. பேசுகிறான் என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

பதினோரு வயதில் வந்த காய்ச்சல் அவள் செவியை எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து உதடுகள்தான்.

ஆலோசகர் அவள் பக்கம் திரும்பினார். நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எதுக்கும்மா கேஸை வளத்துக்கிட்டு? ரெண்டு பேரும் ஃபேஸ் டு ஃபேஸ் உக்காந்து பேசுங்க. தீர்ந்துடும்."

ஃபேஸ் டு ஃபேஸ்.

மேல்பல் கீழுதட்டைத் தொட்டு விலகும். இரண்டு தடவை. எளிதில் படித்துவிடலாம். எல்லோரும் அதைப் பெரிய விஷயங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். சண்டைக்கு. சமாதானத்துக்கு. வேலை கேட்டுப் போவதற்கு.

உப்பு எங்கே என்று கேட்கவே அவளுக்கு அது வேண்டும்.

அவனுக்கு இது தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும்.

சண்டையின் கடைசி வார்த்தையை எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்வான். பீரோவைத் திறந்தபடி. செருப்பை மாட்டியபடி. எதிரே உட்கார்ந்திருக்கும் அவன் அம்மா சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு தெரியும். சொல் தெரியாது.

அதோடும் வாழ்ந்துவிட்டாள்.

சித்திரையில் ஒரு காலை. தலை வார வா என்று ஏழு வயது மகளைக் கூப்பிட்டாள்.

மகள் நேராகப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்றுகொண்டாள்.

காதுக்குக் கீழே, பூனைமுடி படர்ந்த அந்த இடத்தில், தாடை அசைந்தது.

என்ன சொன்னாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் கை நீண்டுவிடும். நீள வேண்டியது பிள்ளையின் பக்கம் அல்ல.

மத்தியானத்துக்குள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூன்று மாதம் ஆகிறது. இன்று அவள் தலையை ஆட்டினால் போதும். மகளையும் அழைத்துக்கொண்டு ஒரே ஆட்டோவில் அந்த வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆலோசகர் சமாதானக் காகிதத்தைக்கூட மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார்.

"அவர் மன்னிப்புக் கேட்டுட்டாரும்மா."

"யார்கிட்ட?"

குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. வாசலில் நின்ற டவாலி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கேட்டது என்கிட்டயா, உங்ககிட்டயா?"

ஆலோசகர் பேனாவை மூடினார். அவனிடம் ஏதோ சொன்னார். நாற்காலியைத் திருப்பும்படி கையால் காட்டினார்.

அவன் அசையவில்லை.

ஆலோசகர் இன்னொரு முறை காட்டினார்.

நாற்காலி தரையில் இழுபடுவது அவள் பாதத்தில் தெரிந்தது. அவன் திரும்பினான்.

முழு முகம். மீசையில் புதிதாக நரை. கண்கள் அவள் நெற்றியில் எங்கோ நின்றன. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான். ஆலோசகர் தலையை ஆட்டினார், சொல்லுங்கள் என்பதுபோல.

இத்தனை வருடத்தில் யாரும் வற்புறுத்தாமல் அவன் இப்படி உட்கார்ந்ததே இல்லை.

இன்றும் இல்லை.

உதடுகள் பிரிந்தன.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

அவள் கை மேசைமேல் இருந்தது. யாரோ தட்டியதில் பலகை அதிர்ந்தது. ஒரு முறை.

சற்றுப் பொறுத்து, பலமாக, இன்னொரு முறை.

அவள் திறக்கவில்லை.