பேசும்போது மட்டும் மைக்கைத் திறக்கவும்

“தல்கத், இன்னைக்காவது கீழே பேன்ட் போட்டிருக்கியா?” என்று ஜனார் கேட்டாள்.

திரையில் எல்லாரும் சிரித்தார்கள். போன வார வீடியோ கூட்டத்தில் தல்கத்தின் பின்னால் இருந்த நிலைக்கண்ணாடி, மேலே கோட்டும் கீழே அரைக்கால் சட்டையுமாக அவன் உட்கார்ந்திருந்ததைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இன்று கண்ணாடியின் மேல் ஒரு படுக்கை விரிப்பு தொங்கியது.

“போட்டிருக்கேன்,” என்றான் தல்கத்.

எராசில் சிரித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தான். மேலாளர் மர்ஜான் காலையில் அவனுக்கும் ஜனாருக்கும் மட்டும் அனுப்பிய செய்தி திறந்தே கிடந்தது.

‘தல்கத்தின் மனைவி ரௌஷான் இறந்துவிட்டாள். விடியற்காலை கரகாண்டா ரோட்டில் கார் கவிழ்ந்திருக்கிறது. அவனுடைய பெரியப்பாக்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் வந்து சொல்லும்வரை அவனுக்குத் தெரியக்கூடாது. கூட்டத்தை இழுப்போம். அவனைப் போன் எடுக்க விடாதீர்கள். அழுகை வந்தால் கேமராவை மூடுங்கள். பேசும்போது மட்டும் மைக்கைத் திறங்கள்.’

இதையெல்லாம் போனில் சொல்கிற வழக்கம் இல்லை. மூத்தவர்கள் வீடு தேடி வந்து, உட்கார்ந்து, பிறகுதான் சொல்வார்கள். எராசிலின் அப்பா இறந்ததைச் சொல்ல ஏழு பேர் வந்தார்கள். இரண்டு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் டீ போட்டார்கள், சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடிகளைத் துணியால் மூடினார்கள், விருந்துக்கு ஆடு வாங்க ஆள் அனுப்பினார்கள்.

தல்கத் இப்போது ஒன்பதாவது மாடியில் தனியாக இருந்தான். தனியாகக் கேட்டுவிட்டால் பிடித்துக்கொள்ள அங்கே யாருமில்லை.

பனிப்புயலில் தலைநகர் அஸ்தானா முழுக்க அலுவலகங்கள் மூடிக்கிடந்தன. பத்து மணிக்கு வரவேண்டிய பெரியவர்கள் பதினொன்றாகியும் வரவில்லை.

எராசில் கோதுமை ஏற்றிய ரயில் வேகன்களின் பட்டியலை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான். மின்னஞ்சலில் அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை.

“முப்பத்தொன்பதாவது வேகன். அறுபத்தெட்டு டன்.”

“சரி,” என்றான் தல்கத்.

“நாற்பது. அறுபத்தேழு.”

“சரி.”

ஜனாரின் கட்டம் திடீரென்று இருண்டது.

“எங்கே போயிட்டே?” என்றான் தல்கத்.

“நெட்டு படுத்துது.” அவள் குரல் அடைத்திருந்தது.

“ஜலதோஷமா?”

“வெங்காயம் நறுக்கினேன்.”

“ஆபீஸ் நேரத்துலயா? மர்ஜானக்கா, இவளைக் கொஞ்சம் கவனிங்க.”

“நறுக்கட்டும் விடு. எனக்கும் ஒரு தட்டு அனுப்புடி,” என்றாள் மர்ஜான். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பத்து நிமிடத்துக்கு மேல் கூட்டம் நீண்டால் தல்கத் கொட்டாவி விடுவான். ரௌஷான் கூப்பிடுகிறாள் என்று பொய் சொல்லிக் கழன்றுகொள்வான். இன்று ஒரு மணி நேரமாக நாற்காலியை விட்டு அசையவில்லை. அந்த மட்டும் நல்லது என்று எராசில் நினைத்தான்.

தல்கத்தின் மேசையில் கைப்பேசி அடித்தது.

“எடுக்காதே!” எராசில் கத்தியேவிட்டான்.

“ஏன்டா?”

“இல்ல… எந்த வேகன்ல நிறுத்தினோம்னு மறந்துடும்.”

தல்கத் யார் அழைக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். “நான் எடுக்கல. நீ படி.”

நாற்பத்தைந்தாவது வேகனுக்கு வந்தபோது மர்ஜானுக்கு அழைப்பு வந்தது. அவள் கையை உயர்த்தி ‘ஒரு நிமிடம்’ என்று காட்டிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த மைக்கின் மேல் சிவப்புக் கோடு இல்லை; அது திறந்தே இருந்தது.

எராசில் கேமராவுக்கு முன்னால் இரண்டு கைகளையும் ஆட்டினான். அவள் திரும்பவில்லை.

“நாற்பத்தாறு!” என்று அவன் குரலை உயர்த்தினான். “அறுபத்தெட்டு டன்! நாற்பத்தேழு! அறுபத்தெட்டு…”

மூச்சு வாங்க அவன் நிறுத்திய இடத்தில் மர்ஜானின் குரல் முழுசாக வந்து விழுந்தது. பேசுகிறவரைப் பெரிதாகக் காட்டும் திரை முழுக்க அவள் முதுகு விரிந்தது.

“கீழ வந்துட்டீங்களா, பெரியவரே? லிஃப்ட் ஓடாது, ஒன்பது மாடி, பார்த்து ஏறுங்க… இல்ல இல்ல, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ரௌஷான் ராத்திரி வந்துடுவாள்னு பாவம் உக்காந்திருக்கான். உடம்பை எப்போ குடுப்பாங்களாம்?”

ஜனாரின் இருண்ட கட்டத்திலிருந்து ஒரு விசும்பல் கேட்டு, பாதியில் அறுந்தது.

மர்ஜான் திரும்பினாள். எராசிலின் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையின் மூலையில் தன் மைக்கைப் பார்த்தாள். கைப்பேசி அவள் காதிலிருந்து மெதுவாக இறங்கியது.

“தல்கத்…” என்றாள்.

எராசில் எழுந்து நின்றுவிட்டான். கோட்டைத் தேடினான். இந்தப் பனியில் அங்கே போய்ச் சேர எப்படியும் நாற்பது நிமிடம் ஆகும்.

தல்கத் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை.

“உக்காரு, எராசில். ஆறரைக்கே போலீஸ் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. பெரியப்பாங்க மேல ஏறி வர்ற வரைக்கும் நீ படி.”