பக்கத்து சீட்டில் யாரோ

"சட்டப்படி உங்ககிட்ட ஒண்ணு சொல்லியாகணும் மேடம்." கார் விற்கும் டிராவிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "இது எலுமிச்சைக் கார்."

விசேலியா ஊரில் கோளாறுக் காருக்கு அதுதான் பட்டப்பெயர், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எத்தனை தடவை ரிப்பேர் பார்த்தும் கோளாறு தீராத புதுக் காரை, விற்ற கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். சரிசெய்து மறுபடி விற்கலாம். ஆனால் என்ன கோளாறு என்பதை அடுத்து வாங்க வருகிறவரிடம் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும்.

"என்ன கோளாறு?" என்று கேட்டாள் நெல்டா.

"பக்கத்து சீட்டுல யாருமே இருக்க மாட்டாங்க. ஆனா யாரோ உக்காந்திருக்கறதா கார் நினைச்சுக்கும். பெல்ட் போடு, பெல்ட் போடுன்னு மணி அடிச்சுக்கிட்டே வரும்." மூச்சு விடாமல் சேர்த்துக்கொண்டான். "அதெல்லாம் முன்னாடி. இப்ப சுத்தமா சரி பண்ணியாச்சு."

"சுத்தமாவா?"

"சுத்தமா!"

நெல்டாவின் முகம் தொங்கிப்போயிற்று. விலையைச் சொல்லும்போது மட்டுமே டிராவிஸ் அப்படிப்பட்ட முகங்களைப் பார்த்திருக்கிறான்.

"ஓட்டிப் பாக்கறேன். நீ பின்னாடி உக்காரு தம்பி. பக்கத்து சீட்டு காலியா இருக்கட்டும்."

டிராவிஸ் நல்ல உயரம். முழங்கால்கள் தாடையில் முட்ட, பின்சீட்டில் மடங்கி உட்கார்ந்தான்.

கார் புறப்பட்டது. மணி அடிக்கவில்லை.

ஆரஞ்சுத் தோப்பைத் தாண்டினார்கள். அப்போதும் இல்லை. நெல்டா கையை நீட்டிக் காலி சீட்டை ரெண்டு தட்டு தட்டினாள், தூங்குகிறவரை எழுப்புவது போல. ஊஹூம்.

"பாத்தீங்களா? சர்ச்சுக்குள்ள உக்காந்திருக்கற மாதிரி இல்ல?"

"அதான் யோசனையா இருக்கு. இப்படி இருந்தா எனக்கு வேண்டாம்."

கார் சத்தம் போடவில்லை என்பதற்காக வேண்டாம் என்ற ஆளை டிராவிஸ் இதுவரை கண்டதில்லை. வியாபாரம் நழுவுகிறதே என்று ஒரு கதையை எடுத்துவிட்டான்.

"இத முன்னாடி வச்சிருந்த கிழவரைப் பத்திக் கேளுங்க மேடம். வண்டி ஓட்டுறது அவரு சம்சாரம். இவரு கூடப் போனா பெல்ட் போட மாட்டேன்னு அடம், மணி அடிக்கும். அந்தம்மா தனியாப் போனாலும் மணி அடிக்கும். உடனே கம்பெனிக்குப் போனைப் போடுவாராம். 'என் பொண்டாட்டி பக்கத்துல எவனைடா உக்கார வச்சிருக்கீங்க?'"

நெல்டா சிரித்த சிரிப்பில் கார் ஒருமுறை சாலையின் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பியது.

"வருஷக்கணக்கா சண்டை போட்டு ஜெயிச்சுட்டாரு மனுஷன். சாவியைக் கொடுக்க வந்த அன்னிக்கு டயரை ஒரு உதை விட்டாரு. எங்க மேசையில இருந்த டோனட்ல ரெண்டை எடுத்துக்கிட்டாரு, போயிட்டாரு. அப்படி ஒரு கிறுக்கு!"

"மூணு," என்றாள் நெல்டா.

"என்னது?"

"தண்டவாளம் வருதுன்னேன். கெட்டியாப் பிடிச்சுக்க."

தண்டவாளம் வந்தால் எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள். நெல்டா கூட்டினாள். கார் எகிறி விழுந்தது. டிராவிஸின் தலை கூரையில் இடித்தது.

டிங். டிங். டிங்.

டிராவிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"என் போன்தான் மேடம்."

"எடுத்துப் பேசேன்."

அவன் போனைக் காதில் வைத்து "ஹலோ" என்றான். மணி நிற்கவில்லை. "சொல்லும்மா" என்றான். அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் போனைப் பையில் போட்டுவிட்டு, "ஒரு வாரம் கொடுங்க, மறுபடி சரி பண்ணித் தந்துடறோம்," என்றான்.

"கை வச்சீங்க, எனக்கு வண்டி வேண்டாம்."

"அப்ப விலையிலயாவது ஏதாவது..."

"நான் கேட்டேனா? நீ சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

கண்ணாடி வழியாக அவளுடைய முகம் தெரிந்தது. காலையிலிருந்து இருந்த முகமே இல்லை அது. டிராவிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. காதைத் துளைக்கும் மணியையாவது நிறுத்துவோம் என்று பின்னாலிருந்து எக்கி, காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டப் போனான்.

பட்டென்று அவன் கையில் ஒரு அடி விழுந்தது.

"விடு தம்பி. அவருக்குப் பிடிக்காது."

ஷோரூமுக்குத் திரும்பியதும் டிராவிஸ் காகிதங்களை எடுத்து வைத்தான். கையெழுத்து வாங்கும்போதும், சாவியைக் கொடுக்கும்போதும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. டோனட் தட்டை மட்டும் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தான்.

பழைய சாவியைக் கொடுத்த அன்று, மூன்றாவது டோனட்டை அவள் கணவர் ஹாலிஸ் சட்டைப்பைக்குள் வைத்து அவளுக்காகக் கொண்டுவந்திருந்தார். ஜெயித்த கதையை இரவுச் சாப்பாடு முடியும்வரை சொன்னார். மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை.

நெல்டா சாவியோடு வெளியே வந்து காரை எடுத்தாள். தண்டவாளத்தை அதே வேகத்தில் தாண்டினாள்.

வீடு போய்ச் சேரும்வரை மணி அடித்துக்கொண்டே வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறாள், ஹாலிஸ் ஒரு தடவைகூட பெல்ட் போட்டதில்லை.

இப்போதும் போடவில்லை.