பெரிய எழுத்துப் புத்தகம்

டாஸ்மேனியாவில், பர்னி ஊரில் தனியாக வசிக்கும் நொரீன், சனிக்கிழமைதோறும் தேவாலயத்துப் பழைய பொருள் கடையில் மூன்று புத்தகங்கள் வாங்குவாள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஒரு காகிதத் துண்டை வைத்து அலமாரியில் அடுக்கிவிடுவாள். எப்போதாவது படித்துக்கொள்ளலாம் என்று.

மே மாதம் ஒருநாள் தூசி தட்டும்போது, அவள் இன்னும் படிக்கவே ஆரம்பிக்காத ஒரு கடற்பயணக் கதையில் காகிதம் முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. மறுநாள் அறுபதில் இருந்தது. வாசல் கதவின் பூட்டை மாற்றிப் பார்த்தாள். காகிதம் நகர்வது நிற்கவில்லை. நாளாக ஆகப் பயம் விட்டுப்போய், கடற்கதைகளாகவே தேடி வாங்க ஆரம்பித்தாள்.

ஆகஸ்டில் காகிதம் நாளுக்கு இரண்டு பக்கம்தான் நகர்ந்தது. பிறகு நின்றேவிட்டது. மூன்று நாள் நொரீனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை, கடையில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் உள்ள தட்டில் துழாவினாள்.

"கண்ணு மங்கிப்போச்சா உனக்கு?" என்று கேட்டாள் கடையைப் பார்த்துக்கொள்ளும் மாவிஸ்.

"எனக்கில்ல. வீட்ல படிக்கிறவங்களுக்கு."

"வீட்ல யாரு? நீ ஒண்டிக்கட்டைதானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

மாவிஸ் சிரித்தாள். நொரீன் பெரிய எழுத்தில் இருந்த ஒரு கடற்கதையை எடுத்துக் காசு கொடுத்தாள்.

ஞாயிறு காலை புதுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். காகிதம் நாற்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. நொரீன் தன் நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தினாள். அந்த வெளிச்சத்தில் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.