பாலத்துக்கு அந்தப் பக்கம்

சித்தப்பா வீட்டிலிருந்து வந்ததுமுதல் ஒன்பது வயது நித்திலா ஒரேயொரு மனநல மருத்துவரிடம்தான் வாய் திறந்தாள். குடும்பம் பக்கத்து மாநிலத்துக்கு மாறியதும் அவர் கைவிரித்தார். “என் உரிமம் அங்க செல்லாதும்மா, நீங்க அங்க இருந்தா போன்லகூட வைத்தியம் பாக்கக் கூடாது. எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்னீங்கன்னா பேசலாம்.”

தாய் மஞ்சுளா மகளோடு பேருந்தேறி, எல்லைப் பாலம் தாண்டி இறங்கினாள். இறங்கிய இடத்தில் சாராயக்கடைகளைத் தவிர வேறொன்றுமில்லை. மூத்திரம் நாறும் சுவரோரம் நின்று, சித்தப்பா கதவைச் சாத்தியதை நித்திலா போனில் மருத்துவரிடம் முதன்முதலாகச் சொல்லத் தொடங்கினாள். அங்கே குந்தியிருந்த குடிகாரன் இளித்தபடி நகர்ந்து வந்தான்.

“அப்புறம் என்ன பண்ணான் பாப்பா?”

மஞ்சுளா செருப்பைக் கழற்றினாள். நித்திலா வாயை மூடிக்கொண்டாள். “சொல்லு கண்ணு, கேக்குறேன்” என்று போன் கெஞ்சிக்கொண்டே இருந்தது.