உங்களுக்காகப் பார்க்கிறோம்

மூச்சுக்கருவி விற்கும் நிறுவனத்தின் தொலைபேசி அறையில், கழுவாத டீக் கோப்பைகள் புளித்து நாறுகின்றன. வெள்ளைப் பலகையில் வாடிக்கையாளரிடம் சொல்லவேண்டிய ஆங்கில வாக்கியங்கள்: வெர்ப் சிவப்பு, ப்ரிப்போசிஷன் பச்சை, ‘யூ’ மட்டும் நீலம். பயிற்சியாளர் பிஸ்கட்டை மென்றபடியே பாடம் நடத்துகிறார். “லுக் இன்டு இட், டேக் கேர் ஆஃப் இட், எதை வேணா போடுங்க. கடைசியில ‘ஃபார் யூ’ வந்துடணும். அவங்களுக்காகவே நாம உயிரை விடுற மாதிரி இருக்கும்.” ஈரத் துகள்கள் பலகைமேல் தெறிக்கின்றன. புதிதாகச் சேர்ந்த பெண்ணின் ஸ்பீக்கரில் ஒரு பெரியவர் பேசுகிறார். “மெஷின் நின்னுபோச்சும்மா. வீட்டுக்காரிக்கு மூச்சு இழுக்குது. உங்க ஆள் எப்போ வருவாரு?” வர ஆளில்லை, மெக்கானிக்குகளைப் போன மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண் மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்கிறாள்: “சார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிடட்டுமா?” “சொல்லு. அப்படியே நீயும் வீட்டுக்குக் கிளம்பு.” அவர் விரல் பலகையைத் தட்டுகிறது. அவள் மைக்கிலிருந்து கையை எடுக்கிறாள். பிறகு தேனொழுகும் குரலில், “ஐ வில் லுக் இன்டு இட் ஃபார் யூ, சார்,” என்கிறாள். பயிற்சியாளர் கட்டைவிரலை உயர்த்துகிறார். பெரியவர் போனை வைக்காமலே உள்பக்கம் திரும்பி, “நமக்காகவே பாக்குறாங்களாம். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ,” என்கிறார். அந்த அம்மாளின் இழுப்பு அறை முழுக்கக் கேட்கிறது. பயிற்சியாளர் அடுத்த பிஸ்கட்டை டீயில் நனைக்கிறார்.