பின்னட்டையிலிருந்து பார்ப்பவள்

அமெரிக்கப் புறநகரான பேர்லேண்டின் சனிக்கிழமை வெயில் ஜன்னல் திரையைக் கிழித்துக்கொண்டு விஷாகா வீட்டு சோபாவில் விழுகிறது. ஆளுக்கொரு பக்கம் உரக்கப் படிப்பது இந்தப் பெண்களின் புத்தகக் குழு வழக்கம். நாவல் இப்போது விஷாகாவின் கையில். யாரும் எடுக்கவில்லையென்று நூலகம் கழித்துக்கட்டிய பிரதி. பின்னட்டையிலிருந்து ஒரு கறுப்பினப் பெண் நேராகப் பார்க்கிறாள். அவள் பெயரை இங்கே ஒருத்தியும் கேள்விப்பட்டதில்லை. அவள் எழுதிய பக்கத்தில் ஒருவன் மனைவியின் முடியைப் பிடித்துத் தலையை அடுப்பில் மோதுகிறான். மறுபடியும் மோதுகிறான். பல் தெறித்து சிங்க்கில் விழுகிறது. "இந்த பேஜ ஸ்கிப் பண்ணிடலாம்பா, கேக்கவே முடியல" என்கிறாள் தோழி தீக்ஷா. விஷாகா விடுவதாயில்லை. அடுத்த வரியில், காதோடு சேர்த்து அறை விழுகிறது. அன்றிலிருந்து அந்த மனைவிக்கு இடது காதில் ஓயாத இரைச்சல். யாரிடமும் சொல்லாமல், வலது காதைத் திருப்பிக் கேட்கப் பழகுகிறாள். "ஏய், டீ என்னாச்சு? காது கேக்கல?" மாடியிலிருந்து விஷாகாவின் கணவன் கிரீஷ் கத்துகிறான். விஷாகாவின் தலை, தன்னையறியாமல், வலது காதைக் காட்டித் திரும்புகிறது. தீக்ஷா பார்த்துவிடுகிறாள். கையிலிருந்த முறுக்கு நொறுங்குகிறது. "நிறுத்தாத, விஷாகா. படி." விஷாகா குரலை உயர்த்துகிறாள். நாவலில் அந்த மனைவி, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை இரண்டு கையாலும் தூக்குகிறாள். மாடிப்படியில் காலடிச் சத்தம் இறங்கி வருகிறது.